சமைக்காத இரண்டு நாள்

நெய்வேலி இரண்டாவது சுரங்கத்தின் கேன்டீனில் பெரியநாயகிக்கு வேலை. கணவர் ராமசாமி மைன்ஸில் பெர்மனெண்டாக இருந்தபோதே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். வாரிசு என்று அவளுக்குக் கிடைத்த வேலை அது. முதல் ஷிப்ட் பஸ் வந்து நிற்பதற்குள் இட்லி வெந்து இறங்கியிருக்க வேண்டும். குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் மகன் பிரவின்குமாருக்காக மறுபடி அடுப்பு. இதில் அவளுக்குப் பெரிய குறை எதுவும் கிடையாது. ஆனால் 2017 மாசி மாதத்தில் ஒருநாள், சாம்பாரில் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, தனக்கு விடுப்பு ஏகமாகச் சேர்ந்து கிடப்பதும், அதில் ஒருநாளைக்கூடத் தனக்கென்று எடுக்காததும் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டன. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"லீவா? இன்னா விசேஷம்?" என்றார் அவர்.

"மெட்ராஸ் போறங்க."

"அங்க யாரு இருக்கா?"

"தம்பி இருக்கான். ஆனா அவனப் பாக்கப் போவல. ஊரப் பாக்கப் போறன்."

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிரவின்குமார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட். நினைத்த நாளில் லீவு எடுக்க முடியாது.

"தனியா போயி இன்னாம்மா பண்ணுவ?"

"பாக்கறதப் பாத்துட்டு, தின்றதத் தின்னுட்டு வருவன். நீ ரெண்டு நாளைக்கு மெஸ்ல சாப்புடு."

முணுமுணுத்தான். ஆனாலும் சனிக்கிழமை விடியலில் அவன்தான் பைக்கில் கொண்டுவந்து சென்னை பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான்.

கோயம்பேட்டில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு லாட்ஜுக்குள் நுழைந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும்மா?"

"நான் மட்டுந்தாங்க."

"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் இல்லம்மா."

அடுத்த லாட்ஜிலும் அதே பதில். மூன்றாவது லாட்ஜின் மேனேஜர் கொஞ்சம் வயதானவர், நெற்றி நிறைய விபூதி. அவள் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிய கம்பெனிதாம்மா. இருந்தாலும் ஊர்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா நம்பர் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

வேறு வழியில்லை. தம்பி குழந்தைவேலின் நம்பரைக் கொடுத்தாள். மேனேஜர் போனில் பேசிய விதம் அவளுக்கே பயமாக இருந்தது. "உங்க அக்கா இங்க லாட்ஜுல நிக்கிறாங்க, கையில பையோட" என்றார்.

குழந்தைவேல் அம்பத்தூரிலிருந்து பைக்கில் பறந்து வந்து சேர்ந்தான். அங்கே கார் உதிரி பாகம் செய்யும் ஃபேக்டரியில் அவனுக்கு வேலை. சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

"இன்னாக்கா ஆச்சி? வூட்ல சண்டையா? பிரவின் எதனா சொன்னானா?"

"ஒண்ணும் ஆவலடா. ஊர் பாக்க வந்தன்."

"ஊர் பாக்கறதுக்கு லாட்ஜா? நான் ஒருத்தன் வூடு வாசல்னு இருந்துகினு இருக்கன், இங்க வந்து நிக்கற. நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

"இருடா, சொல்றன். உம் பொண்ணு மஞ்சநீராட்டுக்கு வந்தன் இல்ல, அப்ப நான் எங்க இருந்தன்?"

அவன் யோசித்தான்.

"சமையக்கட்டுல," என்றாள் அவளே. "பொங்கலுக்கு வந்தப்பவும் அங்கதான். உம் பொண்டாட்டிய நான் குத்தம் சொல்லல. அவ வேணாம்னுதான் சொல்லுவா. அடுப்பப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. அதான் அடுப்பே இல்லாத எடமா வந்து நிக்கறன்."

குழந்தைவேல் சட்டையைக் குனிந்து பார்த்து, பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டான். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "அக்காவுக்கு ரூம் குடுங்க சார்," என்றான். உடனே சாவி வந்தது. அடையாள அட்டையை நீட்டியும் அசையாத சாவி, தம்பியின் ஒரு வார்த்தைக்கு நகர்ந்தது பெரியநாயகிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை.

"செகண்ட் ஷிப்ட்தான். மத்தியானம்தான் போவணும்," என்றான் தம்பி. "இப்ப எங்க போற?"

"மேல ஓடுதே ரயிலு, அதுல."

"மெட்ரோவா? நானே ஏறுனதில்ல."

"பதினஞ்சு வருசமா இந்த ஊர்லதானடா இருக்க?"

"வேல, வூடு, வேல. எங்க ஏறுறது?"

இருவரும் போனார்கள். டிக்கெட்டுக்குப் பதிலாகக் கையில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தார்கள். நகரும் படியைப் பார்த்ததும் பெரியநாயகி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஓடும் படியில் காலை வைத்து ஏறிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் தம்பி கீழேயே நிற்கிறான். ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக அவன் தடுமாற, பின்னால் நின்ற காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் பக்கத்திலிருந்த சாதாரணப் படியில் தடதடவென்று ஓடி வந்தான்.

"கம்பெனியில எவ்ளோ பெரிய மெஷின் ஓட்டறன் தெரியுமா," என்றான் மூச்சு வாங்க.

"தெரியும், தெரியும். வா."

ரயிலுக்குள் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடிகள், காயும் துணிகள், தண்ணீர்த் தொட்டிகள். மாடிகளுக்கு மேலாகப் போவது இருவருக்கும் வேடிக்கையாக இருந்தது. மீனம்பாக்கம் தாண்டியதும் விமானங்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கி, வெளியே போகாமல் பிளாட்பாரத்திலேயே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு விமானம் ஓடத் தொடங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. பெரியநாயகி அது புள்ளியாகும் வரை பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதும் போன பிறகுதான், "பசிக்குதுடா," என்றாள்.

கோயம்பேட்டுக்குத் திரும்பி, பெரிய ஓட்டலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சர்வர் வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இட்லி என்ற சொல் வந்ததும் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இட்லி வேணாம் தம்பி. எது செய்ய ரொம்ப நேரம் ஆவும்?"

சர்வருக்குப் புரியவில்லை. "ரவா தோசை லேட்டாகும்மா. ஆனியன் போட்டா இன்னும் லேட்டு."

"அதக் குடு. ரெண்டு பேருக்கும்."

தோசை வரும்வரை அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சமையலறைப் பக்கமிருந்து பாத்திரம் விழும் சத்தமும், யாரோ யாரையோ அவசரப்படுத்தும் குரலும் கேட்டன. அவை எதுவும் தன்னைக் கூப்பிடவில்லை என்பதே அவளுக்குச் சுகமாக இருந்தது. தோசை வந்தது, ஓரமெல்லாம் சல்லடையாக, நடுவில் மிளகும் வெங்காயமுமாக. கல்லில் மாவை வீசி ஊற்றத் தெரிந்த கை என்று பார்த்ததுமே தெரிந்தது. தேங்காய்ச் சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

பாதியில் தம்பி மனைவி சங்கீதாவிடமிருந்து போன். குழந்தைவேல் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டு அக்காவிடம் நீட்டினான்.

"இன்னாங்க அண்ணி, எங்க வூட்டுக்கு வராம லாட்ஜுல தங்கறீங்களாமே? எம்மேல எதனா கோவமா?" என்றாள் சங்கீதா.

"கோவம்லாம் இல்லம்மா. நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? நீயும் புள்ளயும் பீச்சுக்கு வாங்க. ஒண்ணு சொல்றன் கேளு. எதையும் செஞ்சி எடுத்துக்கினு வராத. புளிசோறு கிளிசோறுன்னு தூக்குல அடைச்சிக்கினு வந்தன்னா அப்படியே திருப்பி அனுப்பிருவன்."

மறுமுனையில் சின்னதாக ஒரு சிரிப்பு. "சரிங்க அண்ணி."

மத்தியானம் தம்பி ஷிப்டுக்குப் போனான். அவள் தனியாகக் கடைத்தெருவைச் சுற்றி, பூ வாங்கி வைத்துக்கொண்டு, கரும்புச்சாறு குடித்து, இருட்டும் முன் அறைக்கு வந்து படுத்தாள். விடியும் முன்னால் வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. மாவு புளித்திருக்குமா என்று பதறி எழுந்து உட்கார்ந்தாள். மாவு எதுவும் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி படுத்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து அவள் கண் விழித்தபோது ஜன்னலில் சுள்ளென்று வெயில். இத்தனை நேரம் தான் தூங்கியது கடைசியாக எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

ஞாயிறு பிற்பகல் கலங்கரை விளக்கத்தின் வாசலில் மூவரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். சங்கீதாவின் கையில் ஒரு பர்ஸைத் தவிர எதுவுமில்லை. அதுவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது போலும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டா ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

லிஃப்டில் மேலே போனார்கள். காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் முழுக்கக் கடல், இன்னொரு பக்கம் முடிவே இல்லாத கட்டடங்கள். கீழே மணலில் ஜனங்கள் பொடிப்பொடியாகத் தெரிந்தார்கள்.

"எங்க மைன்ஸ் மேட்டுல நின்னு கீழ பாத்தா மெஷினுங்க இப்பிடித்தான் தெரியும்," என்றாள் பெரியநாயகி. "ஆனா அங்க இவ்ளோ காத்து வராது."

"நம்ம வூடு எந்தப் பக்கங்க?" என்று கணவனிடம் கேட்டாள் சங்கீதா. அவன் ஒரு திசையைக் காட்டினான். மகள் வேறொரு திசையைக் காட்டினாள். சூரியனை வைத்து அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது என்று காவலாளி எல்லோரையும் இறக்கிவிட்டார்.

பிறகு கடற்கரையில் நடந்தார்கள். மிளகாய் பஜ்ஜி, மாங்காய் போட்ட சுண்டல், சுட்ட சோளம். சோளக்காரி கரியை விசிற, பெரியநாயகியின் கை தன்னையறியாமல் விசிறிக்கு நீண்டது. சங்கீதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க திருந்தவே மாட்டீங்களா அண்ணி?"

எல்லோரும் சிரித்தார்கள். பிடித்த கையை விடாமலேயே சங்கீதா அவளை அலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இத்தனை பக்கத்தில் கடலைப் பார்த்ததில்லை என்றாள். முதல் அலைக்கு இருவரும் கத்தினார்கள். இரண்டாவது அலையில் முழங்கால் வரை நனைந்தது. குழந்தைவேல் நான்கு பேரின் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏற்றிவிட அவன் வந்திருந்தான். ஜன்னல் வழியே ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"சங்கீதா கேக்கச் சொன்னா. அடுத்த வருசம் எங்கக்கா போற?"

"மதுரைன்னு நெனைச்சிக்கினு இருக்கன்."

"தனியாவா?"

பெரியநாயகி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவளையும் லீவு போடச் சொல்லு," என்றாள். "ஒனக்கும் புள்ளைக்கும் மெஸ்ஸு இருக்குது."

பஸ் நகர்ந்தது. தாம்பரம் தாண்டுவதற்குள் அவள் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.