மீனாச்சியம்மா கண்டதும் நான் சொன்னதும்

மீனாச்சியம்மாவுக்கு வருவதை என்னவென்று சொல்வது என்பதில் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் ஆளுக்கொரு கட்சி. கோயில்காரர்கள் அருள் என்றார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் குறி என்றார்கள். நடராஜன் வாத்தியார் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதுக்குப் பேரு சைக்கிக். தூரத்துல நடக்கறத மனசாலயே பாக்கறது" என்றார். பேர் வைத்துவிட்டால் புரிந்துவிட்டது என்று அவருக்கு நினைப்பு. மீனாச்சியம்மா மட்டும் அதற்குப் பேரே வைக்கவில்லை. தெரிகிறது என்பதை மலாயில் "நம்பாக்" என்பாள், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசுகிற கம்போங் செட்டிக்காரி, சாமி பேர் தவிர அவளுக்குத் தமிழ் வராது.

அவளுக்குத் தெரிந்ததைத் தமிழில் சொன்னது நான், தையல்காரி கோகிலா. எதிர் வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு வாய்த்த வேலை.

ஜப்பான்காரன் போன மறு வருஷம் பாக்கியலட்சுமி வந்தாள். தோட்டத்தை விட்டு டவுனுக்குப் புதிதாக வந்தவள், மலாய் ஒரு வார்த்தை தெரியாது. புருஷன் சுப்பையனைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருந்தான். எலும்பும் தோலுமாக நின்றாள். மீனாச்சியம்மா அவன் சட்டையை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "சூடா மாத்தி" என்றாள். செத்துவிட்டான் என்று அர்த்தம்.

பாக்கியம் என் வாயையே பார்த்தாள்.

"உசிரோட இருக்காராம். வர நாளாகுமாம்" என்றேன்.

பாவி, என் நாக்கில் என்ன வந்து உட்கார்ந்ததோ. உண்மையைச் சொன்னால் நேரே கிணற்றைத் தேடிப் போவாள் என்று பயந்தேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் அதே சட்டையோடு வந்தாள். மீனாச்சியம்மா அதே இரண்டு வார்த்தை சொன்னாள், நான் அதே பொய்யைச் சொன்னேன். துணிக்கடை ஜெயபாலன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பினார். "புருஷன் இருக்கறவகிட்ட என்ன பேச்சு இது" என்று விரட்டிவிட்டாள். அவர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இந்தப் பங்குனியில் மீனாச்சியம்மா போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்டில் பண்டார் ஹிலிர் திடல் முழுக்க மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்குக் கொடி கட்டினார்கள். எனக்கும் கொடி தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடந்தது. பாக்கியம் சட்டையோடு வந்து நின்றாள்.

"அந்தம்மாதான் இல்ல. நீயாச்சும் சொல்லுக்கா."

பதினோரு வருஷப் பொய், இனியும் முடியவில்லை. சொல்லிவிட்டேன். முதல் நாளே மீனாச்சியம்மா செத்துவிட்டான் என்றுதான் சொன்னாள், நான்தான் மாற்றிச் சொன்னேன், என்னைச் செருப்பால் அடி என்றேன்.

அவள் அடிக்கவில்லை.

"தெரியும்க்கா. பசார்ல மீன் விக்கிறேன், மலாய் தெரியாமயா? ரெண்டாம் வருஷமே புரிஞ்சிருச்சு."

"அப்புறம் எதுக்குடி வந்த?"

"அந்தம்மா சொல்றதக் கேக்கவா வந்தேன்? நீ சொல்றதக் கேக்கத்தான் வந்தேன். அவரு உசிரோட இருக்காருன்னு சொல்ல ஒலகத்துல நீ ஒருத்திதான் இருந்த." சட்டையை என் மிஷின் மேல் வைத்தாள். "இனிமே யாருக்கா சொல்லுவா?"

 

தாலிக் கயிற்றை அறுக்க என் கத்தரிக்கோலைக் கேட்டாள். கொடித்துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல். எடுத்துக் கொடுத்தேன்.