குளக்கரையில் ஒரு மடக்கு நாற்காலி

வீட்டில் கணவன் அவளை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவான். பட்டம் இன்னும் வரவில்லை. கிண்டல் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மனிதர்கள் இயற்கையோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பது அவளுடைய மானுடவியல் ஆராய்ச்சி. அதற்காகக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குளக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, தலையில் தொப்பியும் மடியில் நோட்டுமாகப் பல மாதம் உட்கார்ந்திருந்தாள்.

கண்ட காட்சி அவளைப் புல்லரிக்க வைத்தது. மெக்கானிக் பழைய ஆயிலைக் கேனோடு கொண்டுவந்து, குளத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி எடுத்துப் போனான். மீன்கடைக்கார அக்கா கழிவு மூட்டையோடு கரைவரை வந்து, பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். அந்தப் பெருமூச்சைத் தண்ணீர்மேல் இருக்கும் பக்தி என்று இவள் எழுதினாள். எழுதும்போது கண்கூடக் கலங்கியது, பாவம். பேராசிரியர் 'பிரமாதம்' என்று சொல்லிவிட, கணவன் வாசலில் மாட்டப் பெயர்ப்பலகைக்கே அளவெடுத்துவிட்டான்.

கடைசி நாள், நாற்காலியை மடக்கிக்கொண்டு, கரையில் நின்றிருந்த அக்காவிடம் விடைபெறப் போனாள்.

"நாளையிலருந்து வரமாட்டேங்க்கா. வேலை முடிஞ்சிடுச்சு."

"நிஜமாவா? வேற யாரையும் அனுப்ப மாட்டாங்களே?"

"யாரு அனுப்புறது?"

"உங்க ஆபீஸ்லதான். அபராதம் போடத்தானே நோட்டும் கையுமா உக்காந்திருந்தீங்க? உங்களுக்குப் பயந்து இந்த நாத்தத்தைச் சுமந்து சுமந்து என் இடுப்பே போச்சும்மா!" என்றவள், தெருப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "தம்பி! அந்தம்மா கிளம்புறாங்களாம்!"

ஊரை இவள் ஆராய்ந்தாளாம்! ஊர் இவளை முதல் நாளே ஆராய்ந்து முடித்துவிட்டது, அதுவும் தப்பாக. இத்தனை நாளும் சோளக்கொல்லைப் பொம்மையாக நின்றுவிட்டு, பறவைகளின் பக்தியைப் பற்றி அத்தியாயம் எழுதியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெக்கானிக் கேனோடு சிரித்தபடி வந்து மூடியைத் திருகினான். 'நான் ஆபீஸ் ஆள் இல்லை' என்று சொல்வதுதான் ஆராய்ச்சிக்கு நேர்மை. அவள் நாற்காலியை விரித்தாள்.

"சும்மா சொல்லிப் பாத்தேன். வேலை இன்னும் முடியலை."

மூடி மறுபடி இறுகியது. அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

"பலகை வேண்டாம். நான் எழுதினது அத்தனையும் பொய்."

"அப்ப இன்னும் அங்க என்ன பண்றே?"

"நான் எழுந்தா ஆயிலை ஊத்திடுவாங்க."

"அதுக்கு? எப்பதான் எழுந்து வருவே?"

அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். சற்றுத் தள்ளி, மெக்கானிக்கும் அக்காவும் அதே பதிலுக்காகக் காத்து நின்றார்கள்.