திரேஸ்புரத்துக் கார்டு பெட்டி

பல் டாக்டர் பெனிஸ்டனைப் பற்றித் தூத்துக்குடியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு கிறுக்குதான் அவருக்கு. பழைய ரயில்களின் கடைசியில் மாட்டியிருக்குமே, கார்டு உட்கார்ந்து கொடி காட்டிக்கொண்டு வரும் பெட்டி, அதைத் தேடி அலைவார். கழித்துக்கட்டிய அந்தப் பெட்டிகளை யார் யாரோ ஏலத்தில் எடுத்து எங்கெங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அது எந்தத் தடத்தில் ஓடியது, எப்போது கழித்தார்கள், இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று துப்புத் துலக்குவார். கயத்தாறில் பஞ்சர் கடையாக இருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். சாத்தான்குளம் பக்கம் கோழிக்கூடாக இருந்ததும் அவர் கண்டுபிடிப்பே. அன்றைக்கு அவர் தலைமுடியிலிருந்து இறகு பொறுக்கியது மனைவி ஜெனிலா.

"ஊருல உள்ளவன்லாம் எஞ்சினைப் பாத்து வாயைப் பொளக்கான். நீங்க மட்டும் வாலைப் புடிச்சிட்டு அலையுதீங்க" என்பாள் அவள்.

"எஞ்சினுக்கு ஆயிரம் பேரு இருக்கான் ஜெனி. வாலுக்கு யாரு இருக்கா?"

"வாலுக்கு நீங்க இருக்கீங்க. எனக்குத்தான் யாருமில்ல."

இப்படி இருக்கும்போது கிளைட்டன் என்ற லாஞ்சு முதலாளி கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தார். டாக்டர் அவர் வாய் நிறையப் பஞ்சைத் திணித்துவிட்டு, வழக்கம்போல, "உங்க பக்கம் பழைய ரயில் பெட்டி ஏதும் கெடக்கா?" என்று கேட்டார். வாயை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்பது அவர் தொழிலில் உள்ள எல்லாருக்கும் இருக்கும் வியாதி.

"ஓ...ஸ் அக்கா... ஐஸ் எட்டி" என்றார் கிளைட்டன்.

பஞ்சு முழுதும் மளமளவென்று வெளியே வந்தது.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ரோஸக்கா ஐஸ் வைக்க ஒரு பெட்டி வச்சிருக்கா. திரேஸ்புரம் கடக்கரையில. ரெண்டு முனையிலும் பால்கனி மாதிரி இருக்கும். மேல வளைஞ்ச கூரை. அது இருக்கட்டும், என் பல்லைப் பாரும்வே."

பல்லைப் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பார்த்தது பல்லைத்தானா என்று கிளைட்டனுக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்று தெரிந்து, பூசை முடியும் நேரத்துக்குப் போய் நின்றார் டாக்டர். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. நீலப் பெயின்ட் அடித்து, சக்கரம் இல்லாமல், பனந்தடிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மீட்டர்கேஜ் பெட்டி. ரெண்டு முனையிலும் கம்பி வைத்த பால்கனி. டாக்டருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஜெனிலாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி அடித்ததா என்று அவள் பின்னால் கேட்டாள். 

பெட்டி வாசலில் ரோஸ் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய உறுதியான பெண். மீன் ஏலத்தில் அவள் குரலை மீறி யாரும் பேச முடியாது. அன்றைக்கு மட்டும் சேலை முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"வணக்கம்க்கா. நான் டாக்டர் பெனிஸ்டன். பல் டாக்டர்..."

ரோஸ் ஓர் அடி பின்னால் போனாள். "எந்தப் பய அனுப்புனான்? கிளைட்டனா? எனக்கு ஒரு வலியும் கெடையாது. போயிட்டு வாரும்."

"இல்லக்கா, நான் இந்தப் பெட்டியைப் பாக்க வந்தேன்."

"பல்லு டாக்டருக்கு ரயிலு பெட்டில என்ன சோலி? என்னை ஏமாத்தி வாயைத் தொறக்க வைக்கப் பாக்கீரோ?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் கொக்கி ஊசியையும் எடுத்தார். பெட்டிக்கு அடியில், கை நுழையாத இடங்களில் உள்ள எழுத்தைப் படிக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. ரோஸ் போட்ட சத்தத்தில் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

டாக்டர் மணலில் குப்புறப் படுத்து, கண்ணாடியைப் பெட்டிக்கு அடியில் நீட்டிய பிறகுதான் ரோஸுக்கு நம்பிக்கை வந்தது. பயம் போனதும் பெருமை வந்துவிட்டது.

"இது சும்மா பெட்டி இல்ல பாத்துக்கிடும். அறுவத்திநாலுல தனுஷ்கோடிப் புயலு அடிச்சதுல்லா, அதுல கடலுக்குள்ள போன ரயிலு பெட்டி. மெதந்து வந்துச்சு. எங்கப்பா சிலுவை நடுக்கடல்ல கயிறு வீசி, ஒத்தை ஆளா இழுத்துட்டு வந்தாரு. திரேஸ்புரத்துல கேட்டுப் பாரும்."

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. புது வலை வாங்கினால் அந்தப் பெட்டியில் ஒரு தடவை வைத்து எடுக்கிறவர்கள்கூட உண்டு. பின்வரிசையில் நின்ற ஒரு பாட்டியம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

டாக்டரும் கவனிக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பல்லில் காரை எடுப்பது போலச் சுரண்டிக்கொண்டிருந்தார் அவர். நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே செங்காவி, ரயில்வே அடித்த நிறம். அதற்கு மேல் வெள்ளை எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. பெட்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய் முழுப் பழுது பார்த்தால் அந்த மாதத்தையும் வருஷத்தையும் ரயில்காரர்கள் எழுதிவைப்பார்கள். அது இருந்தது. பக்கத்திலேயே, பெட்டி எந்த ஊருக்குச் சொந்தம் என்பதும் இருந்தது: ஆறுமுகநேரி.

"எழுபத்திரண்டு!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார் டாக்டர். "எழுபத்திரண்டுல இது தண்டவாளத்துல ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அப்போ தனுஷ்கோடி இல்லவே இல்ல. ஆறுமுகநேரி உப்பளத்துல உப்பு ஏத்துன வண்டிக்கா! அடியில இம்புட்டு இரும்பு இருக்கு, இது எப்படி மெதக்கும்?"

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எல்லார் கண்ணும் ரோஸ் மேல் இருந்தது. பல்லைப் பிடுங்கவேண்டும் என்பதை நோயாளியிடம் எத்தனை பக்குவமாகச் சொல்கிறவர்! இந்த விஷயத்தில் மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் பிடுங்கிவிட்டார்.

"ஏ ரோஸக்கா, தனுஷ்கோடின்னு சொல்லி ஆறுமுகநேரி உப்பைத் தலையில கட்டிட்டாரே உங்கப்பா!" என்றார் கிளைட்டன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ரோஸ் சிரிக்கவில்லை. முந்தானை கன்னத்திலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

"எங்கப்பன் பொய்யன்னு சொல்லுதீரா?"

"அப்படி இல்லக்கா..."

"வெளிய போம்வே."

டாக்டர் ஏற்கெனவே வெளியில்தான் நின்றார். இருந்தாலும் போனார்.

வீட்டில் நடந்ததைக் கேட்ட ஜெனிலா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "செத்துப்போன மனுசன். அவருக்குப் பேச வாய் இல்ல. நீங்க பெயின்ட்டைச் சுரண்டுனதோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள்.  இதே கிறுக்குள்ள நாலைந்து பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் போட டாக்டர் எடுத்த படங்கள் போனிலேயே கிடந்தன. நாலு நாள் கழித்து கிளைட்டன் வந்து, ரோஸ் பல்லைப் பிடுங்கிவிட்டாள் என்று சொன்னார். எங்கே என்று கேட்டார் டாக்டர். எதிர்த்தெருவில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் டாக்டரிடம். வேண்டுமென்றே பெனிஸ்டன் கிளினிக் வாசல் வழியாகத்தான் நடந்து போனாளாம்.

"பெட்டி ஆறுமுகநேரியில இருந்து வந்துச்சுன்னா எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இது முடியும்" என்று டாக்டர் கிளம்பினார். ஜெனிலாவும் கூடவே கிளம்பினாள். "நீங்க அங்கன போயி இன்னும் யாரு அப்பனைப் பொய்யன்னு சொல்லப்போறீங்களோ" என்பது அவள் சொன்ன காரணம்.

ஆறுமுகநேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் விசாரித்தார்கள். பழைய கார்டு ஜேசுபாதம் ஐயா ஒருத்தர்தான் இருக்கிறார் என்று வீட்டைக் காட்டினார்கள். எண்பதை எட்டும் ஒல்லியான மனிதர், துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையுடன் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஞானபாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டாக்டர் போனில் படத்தைக் காட்டினார்.

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைத் திரேஸ்புரத்துல பாத்தீங்களா தம்பி? சிலுவை பெட்டிதான?"

 ஜெனிலா முந்திக்கொண்டாள்: "எப்படிய்யா தெரியும்?"

"நான்தான அதுல போனேன்."

"உப்பு வண்டியிலயா?"

"உப்பு வண்டியிலயும் போனேன். கடல்லயும் போனேன்."

ஞானபாய் கீரையை விட்டுத் தலையைத் தூக்கினார். "ஆரம்பிச்சாச்சா! இந்தக் கதையைக் கேட்டு யாரும் நம்பலன்னுதான் இத்தன வருசமா வாயை மூடிக்கிட்டு இருந்தாரு."

ஜேசுபாதம் சொன்னது இதுதான். பெட்டி பழசாகி, ரயில்வே அதைக் கழித்து ஏலம் விட்டது. வலை வைக்க நல்ல கூரையாச்சே என்று சிலுவை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. லாரியும் பேசியாகிவிட்டது. அந்த வருஷ மழைக்கு ஆற்றில் வெள்ளம் வந்து ஆத்தூர்ப் பாலத்துக்கிட்ட ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. லாரிக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான். பெட்டியை உடனே எடு என்று ரயில்வே நெருக்கியது. சிலுவை யோசித்தார். மழை ஓய்ந்ததும் பெட்டியை மாட்டுவண்டிகளில் காயல்பட்டினம் கடற்கரைக்கு இழுத்து, ரெண்டு பெரிய வள்ளங்களைப் பனந்தடி போட்டுச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் ஏற்றிவிட்டார். முன்னால் ஒரு லாஞ்சு இழுக்க ஏற்பாடு. ஆறுமுகநேரியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"நானும் டூட்டி முடிஞ்சு கொடியும் கையுமா பாக்கப் போனேன். அந்தப் பெட்டில எட்டு வருசம் குப்பை கொட்டியிருக்கேன்லா. சிலுவை என்னைப் பாத்துட்டாரு. 'ஏறும் கார்டையா. நீரு இல்லாம வண்டி கெளம்பலாமா?'ன்னாரு. ஏறிட்டேன்."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லாம" என்றார் ஞானபாய். "புருசன் ரயில்ல போயிருக்காருன்னு நான் இருக்கேன். மறுநா வந்து கடல்ல போனேன்னா எவ நம்புவா? ரெண்டு மாசம் பேசல நான்."

"பால்கனில நின்னு பச்சைக் கொடி காட்டுனீங்களாய்யா?" என்று டாக்டர் ஆவலாகக் கேட்டார்.

"கெளம்பும்போது காட்டுனேன். பொறவு காட்ட முடியல தம்பி. கம்பியைப் புடிச்சிட்டு வாந்தி எடுக்கவே நேரம் சரியா இருந்துச்சு."

தூத்துக்குடியை நெருங்கும்போது கஸ்டம்ஸ்காரர்களின் படகு குறுக்கே வந்ததாம். கடலில் ரயில் பெட்டி வருகிறது, அதில் சீருடை போட்ட கார்டு ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறார். வண்டி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார்கள். "தனுஷ்கோடி வண்டிதாம்யா, கொஞ்சம் லேட்டு" என்றாராம் சிலுவை. கஸ்டம்ஸ்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கரையில் இறங்கியதும் அதுவே பேச்சாகிவிட்டது.

"நான்தான் கோவிச்சேன். அந்த ரயில்ல செத்தவங்க எத்தனை பேரு, அதுல வெளையாடலாமான்னேன். அவருக்கு மூஞ்சி விழுந்துட்டு. வருசா வருசம் புயலு அடிச்ச அந்த நாள்ல பெட்டிக்குள்ள மெழுகுவத்தி ஏத்துதேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் காரில் நாலு பேர் திரேஸ்புரத்தில் இறங்கினார்கள். ரோஸ் டாக்டரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். கன்னம் வற்றியிருந்தது. ஜேசுபாதம் யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய், கம்பியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, பால்கனியில் ஏறி நின்றுவிட்டார். எங்கே கால் வைக்க வேண்டும் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரு இவரு?" என்றாள் ரோஸ்.

"உங்கப்பாகூடக் கடல்ல வந்தவரு" என்றார் டாக்டர். "நான் அன்னைக்குச் சொன்னதுல பாதி தப்புக்கா. வருசம் சரி. ஆனா பெட்டி கடல் வழியாத்தான் வந்துச்சு. உங்கப்பாதான் கொண்டுவந்தாரு."

ஐஸ் பெட்டிகளை நகர்த்தி உட்கார இடம் பண்ணினார்கள். ஜேசுபாதம் மறுபடியும் முழுக்கச் சொன்னார். ரோஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். மெழுகுவத்தி என்றதும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"இப்பவும் நாந்தான் ஏத்துதேன். எதுக்குன்னு அவரு சொன்னதே இல்ல. அந்தப் புயல்ல வந்த பெட்டின்னுதான் ஏத்துதாருன்னு நானா நெனச்சுக்கிட்டேன். பெட்டி வந்தப்போ எனக்கு ரெண்டு வயசோ மூணு வயசோ." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "ஒத்தை ஆளா இழுத்தேன்னு சொன்னது?" என்றாள்.

"அது பொய்தாம்மா" என்றார் ஜேசுபாதம். "எட்டுப் பேரு. லாஞ்சு வேற. லாஞ்சு, நம்ம இன்னாசி ஓட்டுனாரு."

கிளைட்டன் எழுந்துவிட்டார். "இன்னாசியா? எங்கப்பாவா?"

"ஏலே, உங்கப்பாதான்" என்றாள் பின்னால் நின்ற பாட்டியம்மா, இப்போது வாயைப் பொத்தாமலே சிரித்தபடி. "எங்க வீட்டுக்காரரும்தான் போனாரு. எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும். சிலுவை சொல்லுத கதை கேக்க நல்லா இருந்துச்சு. அதைப் போயி யாரு கெடுப்பா?"

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

ரோஸ் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். கடைவாயில் புது ஓட்டை தெரிந்தது. "நல்லாப் பாத்துக்கிடும். உம்ம கையால ஆகலன்னாலும் சுத்தமா எடுத்திருக்கான்லா?"

"கொஞ்சம் வேர் மிச்சம் இருக்கு போல" என்று டாக்டர் தொடங்க, ஜெனிலா அவர் காலை மிதித்தாள்.

மத்தியானம் ரோஸ் வீட்டில் சாப்பாடு. சீலா மீன் வறுவலும் நண்டுக் குழம்பும். ஜேசுபாதத்துக்குத்தான் முதல் இலை. அடுத்த வாரம் டாக்டர் குழுவில் படங்களைப் போட்டார். வருஷம், ஊர், வெள்ளம், வள்ளம், எட்டுப் பேரின் பெயர், எல்லாம். கடல் வழியாக வந்த கார்டு பெட்டி வேறெங்கும் கிடையாது என்று அந்த நாலைந்து பேரும் வியந்து எழுதினார்கள்.

திரேஸ்புரத்தில் கதை அதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. கேரளாவிலிருந்து மீன் எடுக்க வந்த வியாபாரியிடம் ரோஸ் சொல்லிக்கொண்டிருந்ததை டாக்டரும் ஜெனிலாவும் ஒரு நாள் அவள் கொடுத்த மீன் வறுவலோடு நின்றபோது கேட்டார்கள்.

"கார்டையா பால்கனில நெஞ்சை நிமித்தி நின்னாரு. துறைமுகத்துல இருந்து பெரிய கப்பலு ஒண்ணு வெளிய வருது. இவரு சேப்புக் கொடியைக் காட்டுனாரு பாத்துக்கிடும், கப்பல் அப்படியே நின்னுட்டு. எங்கப்பா பெட்டி முன்னால போன பொறவுதான் அது நகந்துச்சு!"

"கப்பல் எங்க வந்துச்சு..." என்று டாக்டர் வாயைத் திறந்தார்.

ஜெனிலா ஒரு வறுத்த மீன் துண்டை அந்த வாயில் வைத்தாள்.