தமயந்திக்காக, பரமசிவம்

சுரங்க அலுவலகத்தில் பரமசிவம் இட்ட கையெழுத்துகள் எல்லாமே ‘ஜெனரல் மேனேஜருக்காக’ இட்டவை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. வடலூரில் மனைவி தமயந்தியின் மனைக்குப் போகும் வழியைப் பக்கத்துக்காரர் மறித்துச் சுவர் எழுப்பியபோது, தடை கேட்டு அவள் பெயரில் தயாரான மனுவின் பக்கம்தோறும் ‘தமயந்திக்காக’ என்று எழுதிப் பச்சை மையில் கம்பீரமாக ஒப்பமிட்டார்.

ஆன்லைனில் போன மனு மறுநாளே திரும்பி வந்தது.

“ஸ்கேன் பண்ணி ஏத்தினாலும் மனுதாரர்தான் சார் கையெழுத்து போடணும்,” என்றார் வக்கீல் சுபாஷ். “சுவர் இடுப்புக்கு வந்துடுச்சு. இன்னைக்கே மேடத்துகிட்ட வாங்கிட்டு வாங்க.”

புதுப் பிரதியோடு பரமசிவம் குவார்ட்டர்ஸுக்கு ஸ்கூட்டரை விரட்டினார்.

“டேபிள்ல வெச்சிட்டுப் போங்க. படிச்சிட்டுக் கூப்பிடறேன்,” என்றாள் தமயந்தி.

“அர்ஜெண்ட், தமயந்தி.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு ஆபீஸ் போன்ல நீங்கதானே சொல்லுவீங்க?”

அவர் நின்றபடியே காத்திருந்தார்.

“‘என் கணவரின் சீரிய வழிகாட்டுதலின்படி’ன்னு இருக்கே, இது எதுக்குங்க? அடிச்சிடுங்க.”

அடித்தார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கப் போன கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“அதுவும் நான்தான்.”

மனு ஏற்கப்பட்ட செய்தி சாயந்தரம் தமயந்தியின் போனுக்கே வந்தது. அதைப் பார்த்து அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“காபி போடுங்க. எனக்காக.”

பரமசிவம் சந்தோஷமாகவே போட்டார்.