டெல்பர்ட் எழுப்பிய எலி

பெர்னடெட் சோப்சாக்குக்கு அன்று மத்தளத்தின் கதி, இரண்டு பக்கமும் இடி. ஓஹையோவின் அந்த ஏரிக்கரை ஊரில் நகர சபைக்கு ஐந்து உறுப்பினர்கள். புதிய தீயணைப்பு நிலையத்துக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம் வேண்டும் என்று இருவர், வேண்டாம் என்று இருவர். மிச்சம் இருந்தது அவள் கை ஒன்றுதான்.

வேலை தொடங்குமுன்பே எல்லாச் சங்கங்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்கள் சங்கம் வழியாகத்தான் வருவார்கள். பதிலுக்கு, சண்டை வந்தால் நடுவர் தீர்ப்பார், வேலை மட்டும் நிற்கவே கூடாது. இதுதான் ஒப்பந்தம். நூலகம் கட்டியபோது இப்படி ஒரு தாள் இல்லை. ஓர் இரும்புக் கதவை மாட்டுவது தச்சர் வேலையா, இரும்பு வேலைக்காரர் வேலையா என்று பதினோரு நாள் எல்லாம் நின்றது. டோனட் கடையில்கூட பெர்னடெட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது தீயணைப்பு வண்டிகள் வெட்டவெளியில் நிற்கின்றன. பனி விழுமுன் கூரை ஏறாவிட்டால் வண்டிகள் உறைந்துவிடும், அவள் பதவியும் போய்விடும்.

ஆனால் ஒப்பந்தம் வந்தால், சங்கத்தில் சேராத கூரை காண்ட்ராக்டர் டெல்பர்ட் யோக்கமின் ஒன்பது ஆட்கள் வெளியே. பக்கத்து வீட்டுக்காரன், தங்கமான மனுஷன். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

வாக்கெடுப்பு மாலையில் அவள் வந்தபோது சபைக்கு முன்னே புல்லில் எலி படுத்திருந்தது. சங்கம் சேராத காண்ட்ராக்டர்களை அவமானப்படுத்த, சங்கத்தார் இரண்டு ஆள் உயரத்துக்குக் காற்றடைத்த எலியை அவர்கள் கண்முன்னே நிறுத்துவது அங்கே வழக்கம். அன்றைய எலியோ ஈரப் போர்வையாகக் கிடந்தது. காற்றடிக்கும் மோட்டார் தயார். கயிறும் தயார். நடுவில் இரண்டு பேர் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"பிளக்குன்னா கரண்டு. கரண்டுன்னா எங்க சங்கம். கையை எடு," என்றார் மின்வேலைச் சங்கத்து மார்ட்டி ஃபஸ்கோ.

"யோவ், இது மோட்டார் வச்ச மெஷின். நீ சொருகினதும் ஓடும். அப்ப ஓட்டுனது யாரு, நீயா?" என்றார் இயந்திர ஓட்டுநர் சங்கத்து ராஸ்கோ டில்லி.

"கயித்தை எவனாவது தொட்டீங்க, அவ்வளவுதான்!" என்று இரும்பு வேலைக்காரர் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

இருபது நிமிடம் போயிற்று. எதிரே டெல்பர்ட், காபியும் கையுமாக, அவமானப்படத் தயாராக நின்றான்.

"ஏம்ப்பா, என்னை அசிங்கப்படுத்தறதுன்னா சீக்கிரம் படுத்துங்கப்பா. காபி ஆறிப் போச்சு!"

யாரும் காதில் வாங்கவில்லை. சும்மா நிற்கத் தெரியாத ஆள் அவன். குனிந்து பிளக்கைச் சொருகிவிட்டான்.

எலி புஸ்ஸென்று எழுந்தது. தொப்பை வந்தது, மீசை வந்தது, கடைசியில் பல்லும் வந்தது.

"அடப்பாவி! சங்கத்துல இல்லாதவன் கை வச்சு எங்க எலி நிக்குதே!" என்று மார்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். பெர்னடெட் சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே, ஒப்பந்தம் வேண்டாம் என்ற உறுப்பினர் விட்கம் எழுந்தார். "பாத்தீங்கல்ல? ஒரு எலியை நிறுத்த வக்கில்லை. இவங்களை நம்பி தீயணைப்பு நிலையமா?"

பெர்னடெட் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நூத்துக்கு நூறு சரி, ஐயா. அதனாலதான் எனக்கு அந்தத் தாள் வேணும். இவங்க சண்டை போடாம இருக்க மாட்டாங்க. தாள் இருந்தா சண்டையும் நடக்கும், வேலையும் நடக்கும். இல்லன்னா நவம்பர்ல என் கூரையும் புல்லுலதான் கிடக்கும்." பிறகு சங்கத்தார் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. டெல்பர்ட் தன் ஒன்பது பேரை அப்படியே கூட்டிட்டு வரலாம். மேல ஆள் வேணும்னாதான் சங்கத்துலேருந்து. இந்த வரியை எழுதினாத்தான் நான் கை தூக்குவேன்."

"அதெப்படி மேடம்..." என்று மார்ட்டி இழுத்தார்.

"உங்க எலியை நிறுத்துனது யாரு, மார்ட்டி?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "எழுதித் தொலைய்யா!" என்று ராஸ்கோ அவர் விலாவில் இடித்தார். எழுதினார்கள். மூன்றுக்கு இரண்டு, தீர்மானம் நிறைவேறியது.

டெல்பர்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். "நீங்க செஞ்சது தப்புன்னுதான் நான் சொல்லுவேன், அக்கா."

"சொல்லேன், யாரு வேண்டாங்கறா?"

"கூரை வேலைக்கு எப்பக்குள்ள விலை எழுதிக் குடுக்கணும்?"

"வெள்ளிக்கிழமை."

"நாளைக்கே குடுத்துடறேன். கிடைச்சா நாங்க ஒன்பது பேர் இல்ல, பத்து பேர். நானும் ஏணி ஏறுவேன். பனிக்கு முன்னாடி முடிச்சிடலாம்."

பெர்னடெட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சபை, பதவி, கௌரவம் எல்லாவற்றையும் மறந்து, ஊரே பார்க்க அவனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.