குதிரைக்கு ஆள் வேண்டும்

குதிரை மேல் போகும் வீராங்கனையை உருவாக்குவது போல எரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. வாள் வீசுகிறவனைச் செய்வது சுலபம். மந்திரவாதி அதைவிடச் சுலபம். குதிரை என்று வந்துவிட்டால் கணக்கு உதைக்கும். கையில் இருக்கிற புள்ளிகளை வீராங்கனைக்குப் போட்டால் குதிரை நோஞ்சானாகிவிடும். குதிரைக்குப் போட்டால் மேலே உட்கார்ந்திருப்பவளால் ஈட்டியைத் தூக்கக்கூட முடியாது. கனமான கவசம் மாட்டினால் குதிரை ஓடாது. மாட்டாவிட்டால் முதல் அம்பிலேயே போய்ச் சேர வேண்டியதுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, துணிச்சல் இவ்வளவு என்று தாளில் எழுதி ஆளுக்கொரு பாத்திரத்தை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவன் கதை சொல்வான். "எதிரே ஆறு, அக்கரையில் பூதம், என்ன செய்கிறாய்?" என்பான். நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். திருப்பதியில் எங்கள் ஆபீஸ்காரர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெங்கட் வீட்டு மாடியில் கூடுவோம். கதை சொல்கிறவன் வெங்கட்தான். நாள் முழுக்க யாரோ வெளிநாட்டு நோயாளிகளின் பில்லுக்கு நோய் நம்பர் போட்டுப் போட்டு மூளை காய்ந்துபோனவர்களுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் உயிர்.

என் பழைய பாத்திரம் ஒரு பாம்புக் குகையில் செத்துப்போனதால், இந்த முறை குதிரை வீராங்கனை என்றேன். வெங்கட் உடனே ஒரு சட்டம் போட்டான்.

"குதுரை ஒண்ணும் மூட்டை இல்ல ரேகா, வெச்ச எடத்துல நிக்கறதுக்கு. அதுக்கும் மனசு கீது. நீ போன்னா போறதா வேணாவான்னு அதுதான் முடிவு பண்ணும். அத்த வேற ஒருத்தர் ஆடணும். ஆளக் கொண்டா, அந்தே."

அந்தே என்றால் தெலுங்கில் அவ்வளவுதான் என்று அர்த்தம். அவன் வாயில் அது வந்துவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது. ஆளுக்கு நான் எங்கே போவது? என் வீட்டில் இருப்பது நைனா, அதாவது என் அப்பா, ஒருவர்தான்.

நைனா பெயர் வேதாச்சலம். நகரியில் விசைத்தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவர் ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். சரி என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. நூல்காரர் விலை சொன்னால் "போய்யா" என்பார். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பலாமா என்று கேட்டால் "இரு" என்பார். நான் திருப்பதியில் வேலைக்குப் போகிறேன் என்றபோது வீடே அதிர ஒரு வாரம் கத்தினார். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் நடந்தார். அப்போதும் சரி என்று சொல்லவில்லை.

போன தீபாவளிக்குப் பக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மிச்சமிருந்தது ஒரே வார்த்தை. சரி. பசிக்கிறதா என்றால் சரி. வேண்டாமா என்றால் சரி. முகம் சிவந்து தட்டைத் தள்ளிவிடும்போதும் சரி, சரி, சரி. உலகத்தில் இருக்கிற அத்தனை வார்த்தையிலும் ஏழுமலையான் இவருக்கென்று இதையா விட்டுவைக்க வேண்டும்! பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா சொன்னார்: மனதில் நினைப்பது எதுவானாலும் வாயில் அதுதான் வரும், அந்த வார்த்தையை நம்பாதீர்கள், வேறு வழியில் கேட்டுப் பாருங்கள். அதற்காகப் படம் போட்ட அட்டைகள் கொடுத்தார். இட்லி படம், தண்ணீர் படம், கக்கூஸ் படம். நைனா அவற்றை ஒன்றுவிடாமல் கட்டிலுக்கு அடியில் வீசினார். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் காட்டுவதைக் காட்டினால் வேறு என்ன செய்வார்?

ஆஸ்பத்திரி பக்கம் என்று அவரை நகரியிலிருந்து என்னிடமே கூட்டி வந்திருந்தேன். அப்போது வீட்டிலிருந்தே எனக்கு வேலை. இப்போது, வருகிற திங்கட்கிழமை முதல் எல்லாரும் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்றுவிட்டார்கள். பகலில் கூடமாட இருந்த செங்கம்மா, தன் மகளின் பிரசவத்துக்காகப் புத்தலப்பட்டுக்குப் போய்விட்டாள். வேறு ஆள் தேடி நாயாக அலைந்தேன். ஆம்பளையைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும் என்றதும் வந்தவர்கள் எல்லாரும் வந்த வழியே போனார்கள்.

கடைசியில் அண்ணன் தனசேகர், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். தடா என்கிற ஊரில் இருக்கிறான். நல்ல மனதோடுதான் சொன்னான், அதில் பொய் இல்லை. ஆனால் அவனும் அண்ணியும் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார்கள். நைனாவுக்கு டிவியைப் போட்டுவிட்டு கேட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்து சோறு வைப்பாள். பேச்சுப் பயிற்சி அங்கே கிடையாது. அண்ணன் போனில் அவரையே கேட்டான்.

"நைனா, எங்கூட வந்துடறியா?"

"சரி."

"பாத்தியா ரேகா, அவரே ஒத்துக்கினாரு. ஞாயித்துக்கெழம கார எத்துக்கினு வரேன்."

முடிந்தது கதை. அவருக்குப் போக இஷ்டமா இல்லையா, எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் நானும் களைத்துப்போயிருந்தேன். அவருக்கு இஷ்டம் என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். இஷ்டமில்லை என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இருந்தும் கேட்காமல் அனுப்ப மனசு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கட்டில் பக்கத்தில் மடக்கு மேஜையைப் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட தாளை விரித்து வைத்து, வீராங்கனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் குதிரை. அதன் முதுகில் களிமண்ணால் ஒட்டிய பேனா மூடிதான் வீராங்கனை. "ஈட்டிக்குப் போட்டா கேடயத்துக்கு இல்ல, கேடயத்துக்குப் போட்டா குதுரைக்கு இல்ல, எந்தப் பாவி கண்டுபுடிச்சான் இத்த" என்று புலம்பிக்கொண்டே அடித்து அடித்து எழுதினேன். நைனா இடது கையை நீட்டிக் குதிரையை எடுத்தார். வயிற்றைத் திருப்பிப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். அப்புறம் தாளின் மேல் நிற்க வைத்தார்.

"நைனா, குதுரைய நீ ஆடறியா?"

"சரி."

அந்தச் சரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் கை குதிரையை விடவில்லை.

ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். வீராங்கனை ஒன்று சொல்வாள், குதிரைக்குப் பிடித்தால் நகர்த்த வேண்டும், பிடிக்காவிட்டால் நிற்கலாம். மைதானத்தில் ஓடு என்றேன், ஓட்டினார். பூதத்தின் மேல் பாய் என்றேன். பாய்ந்த வேகத்தில் வீராங்கனை கழன்று கட்டிலுக்குக் கீழே போய் விழுந்தாள். நைனா உடம்பு குலுங்கச் சிரித்தார். அடுத்து நீலப் பேனாவால் ஓர் ஆறு கிறுக்கினேன்.

"ஆத்துல எறங்கு. அக்கரையில கோட்டை கீது."

"சரி," என்றார். குதிரை அசையவில்லை.

"எறங்கு நைனா."

"சரி." அசையவே இல்லை.

"சரின்ற, அப்பால ஏன் நகத்த மாட்டேன்ற?" என்று கத்தியே விட்டேன். கத்திய பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் என்னைச் சட்டை செய்யவில்லை. குதிரையைக் கரையோரமாகவே நிதானமாக ஓட்டிக்கொண்டு போனார். அழகுக்காக மேலே ஒரு பாலம் போட்டிருந்தேன். அதன் வழியாக ஏறிக் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வாய் சரி என்றது, கை மாட்டேன் என்றது. கை சொன்னதுதான் நைனா. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் கோபமில்லாமல், தெளிவாக மாட்டேன் என்றிருக்கிறார். அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்தக் குதிரையைத்தான் உருவாக்கினோம். வீராங்கனையின் ஈட்டியிலிருந்து புள்ளிகளைப் பிடுங்கிக் குதிரையின் பிடிவாதத்துக்குப் போட்டேன். இந்தக் குதிரை தரையைப் பார்க்காமல் காலை வைக்காது. நெருப்புக்குப் பயப்படாது. யாராவது கடிவாளத்தைச் சுண்டி இழுத்தால் நின்றுவிடும். இப்படியெல்லாம் அது என்ன செய்கிறதோ அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். இடையிடையே வீட்டுச் சமாசாரத்தையும் நுழைத்தேன். தாளில் ஒரு பக்கம் காபி டம்ளர், ஒரு பக்கம் கஞ்சி. குதிரை காபிக்குப் போயிற்று. இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் காபிக்கே போயிற்று. உப்புமா கிண்டிய அன்றைக்குக் குதிரை தாளைவிட்டே இறங்கிப் போய்விட்டது. "அவ்ளோ கொழுப்பா ஒனக்கு" என்று திட்டினேன். சந்தோஷத்தில் வந்த திட்டு அது.

தடாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சலவை வேட்டி கட்டிவிட்டேன். அவருடைய துணிப் பை தயாராக வாசலில் இருந்தது. இதற்கு மேல் தள்ள முடியாது என்று தாளை விரித்தேன். இந்தப் பக்கம் ஒரு லாயம் வரைந்தேன், அந்தப் பக்கம் ஒரு கோட்டை, நடுவில் நீளமாக ஒரு ரோடு.

"வீராங்கனைக்கு இனிமே பகல்ல வேற எடத்துல வேல. லாயத்துல புல்லு போட ஆளில்ல. அந்தக் கோட்டையில..." நடிப்பு போதும் என்றாகிவிட்டது. "நைனா, இது இந்த வூடு. அது அண்ணன் வூடு, தடா. குதுரை எங்க இருக்கணும்?"

என்னையே பார்த்தார். குதிரையை எடுத்து ரோட்டில் வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினார். எனக்கு மூச்சு லேசாயிற்று. ஆமாம், லேசாகத்தான் ஆயிற்று, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதி வழியில் குதிரை நின்றது. திரும்பி வந்தது. என் லாயத்துக்குள் வைத்து உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாள் கசங்கியது. எடுக்கப் போனேன், விடவில்லை.

எதற்குக் கேட்டேன்? கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சரியை நானும் நம்பிவிட்டு இருந்திருப்பேன். ஒன்றும் செய்யக் கையாலாகாதவளுக்கு இதெல்லாம் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

வெளியே கார் ஹாரன் அடித்தது. அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தான். "இன்னா நைனா, எப்டி கீற?" என்று அவர் தலையைத் தடவினான்.

"அண்ணா, அவருக்கு வர இஷ்டம் இல்ல," என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஆறு, பாலம், காபி, உப்புமா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவன் மேஜை மேல் இருந்த குதிரையைப் பார்த்தான். "பொம்மைய வெச்சிக்கினு கேட்டியா? நான் நேராவே கேக்கறேன் இரு." கட்டில் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தான். "நைனா, நீயே சொல்லு. எங்கூட வரியா?"

நைனா வாயைத் திறந்தார். உதடு அந்த வார்த்தைக்கு வளைவதைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டார். இடது கையைத் தூக்கி வாய்மேல் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"இன்னா நைனா? வாந்தி வருதா?"

"வாந்தி இல்லண்ணா. அந்த வார்த்த வெளிய வரக்கூடாதுன்னு புடிச்சிக்கினு கீறாரு."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும் ரேகா? நீயே சொல்லு. நாளைக்குக் காத்தால இவர எழுப்பி ஒக்கார வெக்கறது யாரு? நீ வேலைய வுட்டுடறியா? வுட்டா வாடகை யாரு குடுப்பா? நானா? எனக்கும் லோன் கீது. சொல்லு, நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

அவன் நிஜமாகத்தான் கேட்டான். பதிலுக்காகக் காத்திருந்தான். நான் போய் வாசலில் இருந்த பையை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் அதைக் காரில் வைத்துவிட்டு வந்தான்.

நைனாவை நிற்க வைக்க இரண்டு பேர் வேண்டும். வலது பக்கம் சுத்தமாகப் பலமில்லை, அங்கே அண்ணன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இடது பக்கம் நான். அந்தப் பக்கக் கையை என் தோளில் போட்டால்தான் அவரால் காலை எடுத்து வைக்க முடியும். அவரோ வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கையக் குடு நைனா. வுழுந்துடுவ."

தலையை ஆட்டினார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்து அந்த விரல்களின் மேலேயே இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். இத்தனை பலம் அந்தக் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிரித்து என் தோளைச் சுற்றிப் போட்டு இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சரி," என்றார். "சரி. சரி." ஒவ்வோர் அடிக்கும் அது வந்தது. கத்தினார். தறிக்கொட்டகையில் கத்துவதுபோல, முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, "சரி! சரி! சரி!"

மேல் வீட்டு அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்லியே, பெரியவரு ஒத்துக்கினு சந்தோஷமா போறாரு," என்றார்.

கார் வரைக்கும் நான் அந்தக் கையை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார்.