கயல்விழியின் சராசரி வேகம்

கயல்விழிக்கு ஸ்கூட்டர் சாவி கிடைத்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். அன்னூரில் கிளம்பி எங்கே போய் வந்தாலும் போனிலுள்ள செயலி காட்டும் சராசரி வேகம் முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாவி அப்பா ஆல்வினின் சட்டைப்பைக்குப் போய்விடும். அப்புறம் அவர் ஓட்டுகிற தனியார் பஸ்ஸில்தான் தினமும் கல்லூரிக்குப் போகவேண்டும். அதைவிடக் கொடுமை அவளுக்கு வேறில்லை.

நிபந்தனை போட்டவர் பஸ் டிரைவர், தலையாட்டியவள் இயற்பியல் முதலாமாண்டு. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி. நடுவில் என்ன கூத்து நடந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே எழுபதில் பறப்பாள். கோவில்பாளையம் பேக்கரியில் நிறுத்தி, தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்று நேரத்தைக் கரைப்பாள். செயலி பரம சாதுவாக முப்பத்திரண்டு என்று காட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டிப் பெரியம்மா கொடுத்த கோழிக்குழம்பு, மூடிபோட்ட தூக்குப்போசிப் பாத்திரத்தில் பாதிக்கு இருந்தது. கால் வைக்கும் இடத்தில் அசையாமல் முட்டுக்கொடுத்துக் கொண்டுவந்தாள். வாசலில் இறங்கியதும் போனை நீட்டினாள்.

"முப்பத்திமூணுங்கப்பா. நாயமாப் பாத்தா அதுகூட இல்லீங்க. ஊட்டுல கெளம்பி ஊட்டுக்கே வந்துட்டேன், இடப்பெயர்ச்சி சைபர். அப்ப என் சராசரி திசைவேகமும் சைபர்தானுங்க."

"நகராத புள்ளைக்குக் கொழம்பு எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

கேட்டுக்கொண்டே ஆல்வின் போசியை இருந்த இடத்திலேயே திறந்தார். உள்ளே முன்பக்கமும் பின்பக்கமும் மிளகாய் எண்ணெய் மூடிவரை ஏறியிருந்தது. இரண்டு ஓரமும் சுத்தமாக இருந்தன.

"முன்னால ஏறுனது நீ பிரேக்க அமுக்குனப்ப. பின்னால ஏறுனது ஆக்சிலேட்டர முறுக்குனப்ப. எத்தன வேகத்துல வந்தீன்னு கொழம்புக்குத் தெரியாது அம்மணி. வேகத்த எப்படி மாத்துனீன்னு நல்லாத் தெரியும்."

அதற்குப் பெயர் முடுக்கம் என்று அவள் பாடத்தில் இருந்தது. சாவி போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

திங்கள் காலை அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள். அதே போசியில் பாதிக்கு ரசம் ஊற்றி, காலிடுக்கில் திரும்பாமல் வைத்துக்கொண்டாள். கோவில்பாளையம் வரை பஸ் ஆள் பிடித்துக்கொண்டே ஊர்ந்தது. பின்னால் அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டதுதான் தாமதம், பறந்தது. பிரேக் அடித்தபோதெல்லாம் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். காந்திபுரம் ஸ்டாண்டில் பஸ்கள் வந்துசேருவதைக் கண்காணிக்கும் டைம் கீப்பர் நேரத்தைக் குறித்துக்கொண்டார், ஒரு நிமிஷமும் பிசகவில்லை. ஆல்வின் மீசையைத் தடவிக்கொண்டார்.

கூட்டம் இறங்கியதும் கயல்விழி போசியை அப்படியே தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். முன்பக்கமும் பின்பக்கமும் மூடிவரை கொத்தமல்லி ஒட்டியிருந்தது.

"சராசரி சரியாத்தானுங்கப்பா இருக்குது," என்றாள். "இதையுங் கொஞ்சம் படிச்சுச் சொல்லிப்போடுங்க."

கண்டக்டர் நிதீஷ் எட்டிப் பார்த்தான். ஆல்வின் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மொதல்ல அத மூடு கண்ணு. டைம் கீப்பரு இங்கதான் வாராரு."